மழை வரவழைப்பவனும் உப்பு விளைவிப்பவளும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மாயாஜாலக் காதல் தொடர் ஒன்று எழுதுகிறீர்கள். நாயகன் மழையை வரவழைக்கும் வரம் பெற்ற இளவரசன். ஒவ்வொரு மழைக்கும் அவன் ஆயுளில் ஒரு நாள் குறையும். நாயகி உப்பளத்தில் வேலை செய்யும் பெண். வரைபடம், மூன்று வம்சங்களின் வரலாறு, மந்திர விதிகள் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் தயார். 22 அத்தியாயம் போட்டாயிற்று. ஆனால், "உலகம் நாடக செட் மாதிரி இருக்கு, காதல் ஒட்டவே இல்ல" என்று வாசகர்கள் சொல்கிறார்கள். நம்பும்படியான பாத்திரங்களையும் உலகத்தையும் உருவாக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில், உருவாக்கும் வேலை உங்களுக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது. உலகத்தை ஓர் அறையிலும் காதலர்களை இன்னோர் அறையிலும் வைத்துவிட்டு, நடுவில் கதவு வைக்க மறந்துவிட்டீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கதவைப் பற்றித்தான்.

பல வருடங்களாகத் தொடர்கதைகளைச் செப்பனிடும் வேலை செய்கிறேன். சரித்திரக் கதை, பேய்க்கதை, குடும்பக்கதை, இப்போது இளைஞர்கள் ரொமான்டஸி என்று சொல்லும் இந்த வகை, எல்லாமே கைக்கு வந்திருக்கின்றன. நான் திருத்தியதெல்லாம் தமிழ்க் கதைகள்தான். ஆகவே கீழே சொல்பவை தமிழில் எழுதி, தமிழர் படிக்கும் கதைக்கானவை. இன்னொன்றும் உண்டு. உப்பளம் எனக்குக் கொஞ்சம் தெரியும். என் தாய்மாமா தூத்துக்குடிப் பக்கம் ஓர் அளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையை அங்கேதான் கழிப்போம். அதனால் உங்கள் நாயகியின் தொழிலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு 22 அத்தியாயத்தில் ஒரு தடவைகூட அவள் பாத்தியில் மழை விழவில்லை என்பதைப் பார்த்து ஏமாந்துபோனேன்.

சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். இந்த வகைக் கதையில் உலகத்தின் விதி எதுவோ, அதுவேதான் காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். உங்கள் கதையில் குறுக்கே நிற்பவர்கள் சித்தப்பாவும் எதிரி நாட்டு இளவரசியும். அந்த இரண்டு பேரையும் எந்தக் குடும்பக் கதையிலும் கொண்டுபோய் வைத்துவிடலாம். மழை வரம் தேவையே இல்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய மோதல் தெரியுமா? அவன் மழையை வரவழைப்பவன். அவள் வெயிலில் பிழைப்பவள். அவன் வரம் வாங்கிய நாளிலேயே அவள் சோற்றுக்கு எதிரியாகிவிட்டான். இதற்கு வில்லன் எதற்கு?

அளத்தில் மழை என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், மதியத்துக்கு மேல், எதிர்பாராமல் மேகம் கூடியது. நாங்கள் பிள்ளைகள் ஆறேழு பேர் மழை மழை என்று வெளியே ஓடிக் குதித்தோம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தி விறகுக் கட்டையோடு வந்தாள். "எல, மழைன்னு குதிக்கியளா? அங்க பாத்தி கரையுது." அவள் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் இருந்த அம்பாரத்தின், அதாவது உப்புக் குவியலின் மேல் பெண்கள் ஓலையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். மூடியது தப்பியது. பாத்தியில் பூத்துக் கிடந்ததை யாராலும் மூட முடியவில்லை. மாமா திண்ணையில் உட்கார்ந்து, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் யாரோடும் பேசவில்லை. தமிழ்நாட்டில் மற்ற இடங்களிலெல்லாம் மழை பெய்தால் மனசு குளிரும். அங்கே வயிறு எரியும். இந்த ஒரு தலைகீழ்தான் உங்கள் உலகம். மூன்று வம்சத்து வரலாற்றையும் விட அந்த ஆச்சியின் ஒற்றை வசவு வாசகரை உள்ளே இழுக்கும்.

நீங்கள் கவனிக்காததைச் சங்கப் புலவர் பரணர் கவனித்திருக்கிறார். குறுந்தொகையின் 165-ஆம் பாட்டைப் பாருங்கள். தலைவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். ஏறுவதற்கு அரிய கரையில் நின்ற உப்பு வண்டி, பெருமழை கொட்டியதும் அழிந்ததைப் போல, இவள் கூந்தலழகைக் கண்டு நீ அழிந்தாயே என்கிறான். வண்டி அங்கேயேதான் நிற்கிறது. சக்கரமும் மாடும் இருக்கின்றன. ஏற்றிவந்த சரக்கு மட்டும் இல்லை. காதல் வந்தவன் நிலையைச் சொல்ல உப்பும் மழையும் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கதையின் கரு அந்தப் பாட்டில் ஏற்கனவே முளைத்திருக்கிறது.

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். பரீட்சைக்காகப் படித்ததால் அது நமக்கு இலக்கணமாகத் தெரிகிறது. கதை எழுதுகிறவருக்கு அது பட்டறைக் கருவி. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்தில் கிடைப்பவை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. உரி என்பது அந்த நிலத்துக்குரிய காதல் நிலை. நிலத்தையும் நேரத்தையும் சாப்பாட்டையும் காதல் உணர்ச்சியையும் ஒரே கயிற்றில் கோத்திருக்கிறார்கள். கற்பனை உலகம் அமைப்பதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து வரும் வழிகாட்டிகளில் நாணயம், மதம், படை எல்லாம் இருக்கும். அந்த ஊரில் காத்திருப்பது எப்படி இருக்கும், ஊடுவது எப்படி இருக்கும் என்ற கேள்வி பெரும்பாலும் இருக்காது. நம்மிடம் அது முதல் பாடம்.

உங்கள் கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உப்பளம் நெய்தல், அதற்குரிய தெய்வம் வருணன், அதன் உரிப்பொருள் இரங்கல், பிரிவை நினைத்து வருந்துவது. கார்காலமோ முல்லைக்குரியது. போருக்கோ பொருளுக்கோ போன தலைவன் கார் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிப் போவான். அவள் மேகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். மழை வந்தால் அவன் வருவான் என்பது முல்லை. உங்கள் கதையில் அவன் வந்தால் மழை வரும்! முல்லை நிலத்துக்காரிக்கு நம்பிக்கை தரும் அதே மேகம், நெய்தல் நிலத்துக்காரிக்குப் பட்டினி. அவள் வானத்தைப் பார்க்கும்போது அவனுக்காக ஏங்கவும் வேண்டும், அவன் வரக்கூடாது என்று வேண்டவும் வேண்டும். இதை எழுதினால் உலகமும் காதலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரங்களுக்கு வருகிறேன். உங்கள் நாயகியைப் பற்றி உங்கள் குறிப்பில் இருப்பது: துடுக்கானவள், அழகி, அநியாயத்தைப் பொறுக்காதவள். இந்த மூன்றும் நான் திருத்திய பாதி நாயகிகளுக்குப் பொருந்தும். அகநானூற்றின் 140-ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உப்பு விற்கும் பெண்ணைக் காட்டுகிறார். உப்பு வணிகர்களான உமணர் வீட்டுப் பெண் அவள். உழாமல் விளைந்த உப்பை விற்க, நெல்லுக்குச் சமமாக உப்பு என்று கூவிக்கொண்டு சேரிக்குள் போகிறாள். பழக்கமில்லாத குரலைக் கேட்டு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் வெருள்கிறாள், இரண்டு கயல்மீன்கள் சண்டையிடுவது போல அவள் கண்கள் புரள்கின்றன. அந்த நொடியில்தான் அவன் விழுகிறான். தொழில், சரக்கு, விலை, தெரு, நாய், அதன் பிறகுதான் கண். அழகி என்று தனியாக அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டின் முடிவு. அவள் தந்தையின் வண்டி சேற்றில் புதைந்துவிடும். அதை வெளியே இழுக்கத் திணறும் எருது பெருமூச்சு விடும். அந்த எருதைப் போலத் தன் நெஞ்சு வெந்து மூச்சு விடுகிறது என்கிறான் தலைவன். அவன் வேதனைக்கு உவமை அவள் வீட்டு மாடு! அவளைப் பார்த்த பிறகு அவன் மனசுக்குள் அவளுடைய உலகத்துச் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன. உங்கள் இளவரசன் 14-ஆம் அத்தியாயத்தில் அவளை நிலவென்றும் தாமரையென்றும் வர்ணிக்கிறான். அரண்மனைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அது சரிதான், முதல் சந்திப்பில். பத்து அத்தியாயம் கழித்தும் தாமரையே என்றால் அவன் அவளைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். அவன் எப்போது முதல் தடவையாக உப்பை வைத்து ஓர் உவமை சொல்கிறானோ, அதுதான் அவன் காதல் தொடங்கும் இடம். காதல் வந்தது என்று தனியாக எழுதவே வேண்டாம்.

நாயகி விஷயத்தில் நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆள் வந்திருக்காவிட்டால் அந்த வாரம் அவள் என்ன செய்திருப்பாள்? பதில் குறிப்பாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சம்பளத்தில் பாதியைச் சீட்டுக்குக் கட்டுவாள், அம்மாவின் பாதத்து வெடிப்புக்கு எண்ணெய் காய்ச்சுவாள், கங்காணியிடம் அவள் சுமந்த உப்புப் பெட்டிகளில் ஒன்றைக் குறைத்து எழுதியதற்குச் சண்டை போடுவாள். இப்படி ஏதாவது. அதற்குக் குறுக்கே அவன் வந்தால்தான் அவளுக்கு இழப்பதற்கு ஒன்று இருக்கும். உங்கள் கதையில் அவன் வரும்வரை அவள் தண்ணீர்க் குடத்தோடு சும்மா நடந்துகொண்டிருக்கிறாள். நாயகனுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். கோபக்காரன், வடு உள்ளவன், யாரையும் நம்பாதவன் என்பதெல்லாம் முகமூடிதான். அவன் கைக்கு என்ன வேலை தெரியும், எதில் அவன் திறமையில்லாதவன், எதை நினைத்தால் அவனுக்கு வெட்கம் வரும் என்பது தெரிந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

மந்திரத்துக்கு விலை வைத்திருக்கிறீர்கள், ஒரு மழைக்கு ஒரு நாள் ஆயுள். விலை வைத்தது நல்லது. ஆனால் அது கணக்குப் புத்தகத்து விலை. எண்பது வயது வரை இருப்பான் என்றால் ஏறக்குறைய 29,000 நாள். அதில் ஒன்று போனால் வாசகருக்கு என்ன வலிக்கும்? வலிக்க வேண்டுமானால் விலையை வேறொருவர் கட்ட வேண்டும், அதுவும் எதிர்பாராத இடத்தில். இதற்கு மணிமேகலையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன: வேற்றுருக் கொள்ளுதல், வானில் செல்லுதல், பசியைத் தாங்குதல். தன்னைத் துரத்தி வரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க அவள் முதல் மந்திரத்தைப் பயன்படுத்திக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் ஒரு விஞ்சையன், அதாவது வித்தியாதரன். அவள் மேல் இருந்த பன்னிரண்டு வருடப் பசிச் சாபம் முடியும் நேரத்தில் மனைவியைத் தேடிப் புகாருக்கு வருகிறான். தன் மனைவி வேறொரு ஆணோடு பேசுவதாக நினைத்து, உதயகுமரனை வாளால் வெட்டிக் கொன்றுவிடுகிறான்.

மந்திரம் சரியாகத்தான் வேலை செய்தது. அவள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. அவளுடைய முற்பிறப்பில் உதயகுமரன்தான் அவள் கணவன். அவனிடம் மனசு சாய்வது அவளுக்கே தெரியும். தப்பிப்பதற்காக எடுத்த உருவமே அவன் உயிரை வாங்கியது. மணிமேகலையை எழுதிய சாத்தனார் புத்த அறத்தைச் சொல்ல வந்தவர், காதல் கதை எழுத வந்தவர் இல்லை. ஆனாலும் மாயத்தையும் மனசையும் ஒரே முடிச்சில் அவர் கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். உங்கள் இளவரசனின் மழைக்கு அவன் ஆயுள் மட்டும் விலையாக இருக்கக் கூடாது. அவன் உள்நாட்டு உழவர்களைக் காப்பாற்ற நல்ல மனசோடு வரவழைத்த மழை, காற்று திரும்பி, அவள் அளத்தில் விழட்டும்.

உலகம் நம்பும்படியாக இருப்பது பெரிய விஷயங்களால் அல்ல. மழையை வரவழைக்க ஓர் ஆள் இருக்கிறான் என்றால் முதலில் என்ன நடக்கும்? அரண்மனை வாசலில் வரிசை நிற்கும். மேட்டுக்காட்டுக்காரன் மழை கேட்பான், அறுவடைக்காரன் வேண்டாம் என்பான், துணி வெளுக்கிறவர் இரண்டு நாள் பொறுங்கள் என்பார். விண்ணப்பத்தை முன்னால் நகர்த்த ஒரு கணக்கன் காசு வாங்குவான். கல்யாண வீட்டார் வெயிலுக்குப் பணம் கட்டுவார்கள். குழந்தைகளுக்கு அதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கும், கிழவிகளுக்கு ஒரு வசவு இருக்கும். இந்த வரிசையை அரைப் பக்கம் எழுதுங்கள். முன்கதையில் இருக்கும் மூன்று வம்சத்தையும் எடுத்துவிடுங்கள். அது உங்களுக்குத் தேவை, வாசகருக்குத் தேவையில்லை.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். உங்கள் இளவரசன் ராஜா நாடகத் தமிழில் பேசுகிறான், நாயகி சென்னைக் கல்லூரிப் பெண் மாதிரி பேசுகிறாள், தோழி இரண்டுக்கும் நடுவில். செட் மாதிரி இருக்கிறது என்று வாசகர் சொன்னதில் பாதி இதனால்தான் வந்தது. எந்த நடையை எடுத்தாலும் சரி, அந்த உலகத்துக்குள் ஒரு கணக்கு இருக்க வேண்டும். தமிழில் காதல் எழுதுகிறவருக்கு இன்னொரு வரமும் உண்டு: நீ, நீர், நீங்கள், தாங்கள். ஓர் அளத்துப் பெண் இளவரசனைத் தாங்கள் என்றுதான் தொடங்குவாள். முதல் முறை கோபத்தில் நீர் என்று வாய் தவறும். அவள் எந்த அத்தியாயத்தில், எந்த வாக்கியத்தில் நீ என்று சொல்கிறாள் என்பது முத்தத்தைவிடப் பெரிய சம்பவம். உங்கள் கதையில் அவள் மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள், நான்கில் நீ, ஐந்தில் மறுபடி நீங்கள். எழுதிய உங்களுக்கே அது தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்புறம், உறுதியாகச் சொல்ல முடியாதவை. நாயகன் அவளை வலுக்கட்டாயமாகக் கையைப் பிடித்து இழுக்கும் காட்சி உங்களிடம் இரண்டு இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. இளவரசனுக்கும் கூலிக்காரிக்கும் நடுவே அதிகாரம் ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அதற்கு மேல் கை பலமும் சேர்ந்தால் அவள் சம்மதிக்கிறாளா பயப்படுகிறாளா என்றே தெரியாமல் போகிறது. ஆனால் அப்படிப்பட்ட நாயகனை விரும்பிப் படிப்பவர்கள் ஏராளம் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அது விற்காது என்று சொல்ல மாட்டேன். என் ரசனை அது, அவ்வளவுதான். அதே மாதிரி, முதல் தொடுகை எத்தனையாவது அத்தியாயத்தில் வர வேண்டும் என்பதற்குச் சூத்திரம் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆறிலும் வெற்றி பெற்ற கதை உண்டு, அறுபதிலும் உண்டு. வரைபடம் போட்டுவிட்டு எழுதுவதா, எழுதிக்கொண்டே போடுவதா என்பதும் அவரவர் கை.

சின்னப் பிழைகளை அலட்சியம் செய்யாதீர்கள். மாயத்தை நம்புகிறவர் நிலாவில் தவறு வந்தால் மன்னிக்க மாட்டார். ஒன்பதாம் அத்தியாயத்தில் நடுநிசியில் மூன்றாம் பிறை உதிக்கிறது. மூன்றாம் பிறை சூரியன் மறைந்ததும் மேற்கே தெரியும், சீக்கிரமே மறைந்துவிடும். உங்கள் உலகத்து நிலா வேறு மாதிரி என்றால் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பதினொன்றில் பௌர்ணமி, அதற்கு நான்கு நாள் கழித்து அமாவாசை. உப்பு வண்டி ஒரே ராத்திரியில் கடற்கரையிலிருந்து மலையடிவாரத்துக்குப் போய்விடுகிறது; மாட்டு வண்டிக்கு அது பல நாள் பயணம். தனியாக ஒரு நோட்டில் திதி, தூரம், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று மூன்று பத்தி போட்டு வையுங்கள்.

எழுதியதை எல்லாம் தூக்கிப்போட வேண்டாம். வெளியான அத்தியாயங்களில் ஏழாவதை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். இப்போது அதில் அவர்கள் அரண்மனைத் தோட்டத்தில் சந்திக்கிறார்கள், மல்லிகை மணக்கிறது, அவள் வெட்கப்படுகிறாள். தோட்டத்தை விடுங்கள். உள்நாட்டில் நாற்று காய்கிறது, அவன் மழைக்குக் கிளம்பிவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். போகிற வழியில் அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அளத்துப் பக்கம் குதிரையைத் திருப்புகிறான். கண்ணைக் கூசும் வெள்ளை, பாத்தி முழுக்க உப்பு பூத்து வாருவதற்குத் தயாராக நிற்கிறது. தூரத்தில் அவனைப் பார்த்ததும் அவள் சிரிக்கலாம், சிரிக்காமல் இருக்கலாம். எதுவானாலும் அதற்கு முன்னால், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, ஓலையை எடுத்து அம்பாரத்தை மூடட்டும்.